ஒரே டி.ஜி. தெரிந்தால் கலந்துவிட்டதா? பாலிகார்பனேட் – பி.பி.டி. உருக்குக் கலவையில் எஸ்டர் பரிமாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1982இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு சியாரா காரின் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. ஜி.இ. பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் ‘ஸெனாய்’ என்ற பெயரில் விற்ற அந்தப் பொருளில் பாலிகார்பனேட்டும் (பி.சி.) பாலிபியூட்டிலீன் டெரிப்தாலேட்டும் (பி.பி.டி.) உருக்கிக் கலக்கப்பட்டிருந்தன, அடி தாங்குவதற்கு ரப்பர் துகளும் சேர்ந்திருந்தது. கார்களின் வெளிப்பாகங்களுக்கு இந்த ஜோடி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உருகிய நிலையில் இரண்டு பாலிமர்களைக் கலக்கும்போது எது வெறும் கலப்பு, எது வேதிவினை என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பேரலுக்குள் (திருகு சுழலும் சூடான உருளைக்குள்), ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றும்படி நடக்கின்றன.

இந்த இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பதிலிருந்தே பார்க்க வேண்டும். பி.சி. படிகமாகாத பாலிமர். அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடி போல இறுகியிருக்கும் பாலிமர் இளகத் தொடங்கும் சூடு), தொழிற்கூடங்களில் டி.ஜி. என்று சொல்வது, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ். அடி தாங்கும், அளவு மாறாது. ஆனால் பெட்ரோல் பட்டால் இழுவிசையில் இருக்கும் இடத்தில் விரிசல் விடும். பி.பி.டி. பாதி படிகம், மீதி உருவற்ற பகுதி. 223 டிகிரியை ஒட்டி உருகும். உருவற்ற பகுதியின் டி.ஜி. 45 டிகிரி அளவில் இருக்கும். பெட்ரோல், கிரீஸ், பிரேக் எண்ணெய் எதற்கும் அசையாது. வெட்டு விழுந்த இடத்தில் அடிபட்டால் மட்டும் உடையும். ஒன்றின் குறையை மற்றொன்று மூட வேண்டுமென்றால் பி.பி.டி. தன் படிகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோலைத் தடுப்பது அந்தப் படிகம்தான். கீழே வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றியே வருகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கலவை வழக்கமான ஒன்று: எடையில் பி.சி. 50%, பி.பி.டி. 40%, எம்.பி.எஸ். (மெத்தாக்ரிலேட்–பியூட்டடையீன்–ஸ்டைரீன்) வகை உறை–கரு ரப்பர் துகள் 10%. நிலைப்படுத்திகள் இதற்கு மேல் தனியாகச் சேரும்.

கலக்குமா?

சிறு மூலக்கூறு கொண்ட இரண்டு திரவங்கள் எளிதில் கலப்பதற்குக் காரணம் என்ட்ரோபி, அதாவது மூலக்கூறுகளை மாற்றி அடுக்கும் வழிகளின் பெருக்கம். பாலிமரில் அந்த உதவி ஏறக்குறைய இல்லாமல் போகிறது. நூறு அலகுகள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும்போது அவற்றை மாற்றி மாற்றி அடுக்கும் வழிகள் குறைந்துவிடுகின்றன. ஃப்ளோரி–ஹக்கின்ஸ் சமன்பாட்டில் இதை எண்ணாகவே பார்க்கலாம். கலப்புக்கும் பிரிவுக்கும் எல்லையாக நிற்கும் இடைவினை எண் (இரண்டு பாலிமருக்கும் இடையிலான வெறுப்பின் அளவு), சங்கிலியின் அலகு எண்ணிக்கையை மட்டும் சார்ந்தது: ஒவ்வொரு பாலிமரின் அலகு எண்ணிக்கைக்கும் வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழிகளைக் கூட்டி, வர்க்கப்படுத்திப் பாதியாக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒற்றை அலகு என்றால் விடை 2. பி.சி.க்கு 50 அலகு, பி.பி.டி.க்கு 110 அலகு என்று வைத்தால் 0.028. சிறு திரவங்களுக்கு இருந்த சலுகையில் எழுபதில் ஒரு பங்கு. இரண்டு பாலிமருக்கும் இடையே இதைவிடச் சற்று அதிகமான வெறுப்பு இருந்தாலே அவை பிரிந்துவிடும்.

பி.சி.யும் பி.பி.டி.யும் இந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பவை. பாலிபினைலீன் ஆக்சைடு – பாலிஸ்டைரீன் ஜோடியைப் போல எல்லா விகிதத்திலும் ஒன்றாகிவிடுவதில்லை. பாலிஎத்திலீன் – நைலான் போல முகம் திருப்பிக்கொள்வதும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பால், பார்லோ குழுவினர் 1970களின் இறுதியில் பாலியெஸ்டர் – பாலிகார்பனேட் கலவைகளை வரிசையாக ஆராய்ந்தபோது பி.பி.டி. ஜோடியைத்தான் முதலில் எடுத்தார்கள். இது பகுதிக் கலப்புடைய ஜோடி என்ற படிமம் அங்கிருந்தே வருகிறது: பி.சி. மிகுந்த ஒரு கட்டம் (தனியாகப் பிரிந்து நிற்கும் பகுதி), அதில் கொஞ்சம் பி.பி.டி. கரைந்திருக்கும், பி.பி.டி. மிகுந்த இன்னொரு கட்டம், அதில் கொஞ்சம் பி.சி. இருக்கும், இவற்றோடு தூய பி.பி.டி. படிகம்.

எந்தக் கட்டத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை டி.ஜி.யிலிருந்து கணக்கிடலாம். ஃபாக்ஸ் சமன்பாட்டின்படி கலவையின் டி.ஜி.யை கெல்வினில் தலைகீழாக்கினால், கூறுகளின் தலைகீழ் டி.ஜி.க்களை எடை விகிதப்படி கூட்டியதற்குச் சமமாக இருக்கும். பி.சி.க்கு 423 கெல்வின், பி.பி.டி.க்கு 318 கெல்வின். கலவையில் பி.சி. கட்டத்தின் டி.ஜி. 150லிருந்து 130 டிகிரிக்கு (403 கெல்வின்) இறங்கியிருந்தால், அந்தக் கட்டத்தில் எடையில் சுமார் 15% பி.பி.டி. கரைந்திருக்கிறது. இந்த அளவு கரைதல் நல்லது. கட்டங்களின் எல்லையில் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்பதால்தான் தனியாக இணைப்பான் எதையும் சேர்க்காமலே இந்தக் கலவை அடி தாங்குகிறது.

சம எடையில் எடுத்து முழுக்கக் கலந்திருந்தால் வரவேண்டிய ஒற்றை டி.ஜி. அதே சமன்பாட்டில் 90 டிகிரி. குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். உருகிய கலவையைச் சூட்டில் வைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு டி.ஜி.க்களும் நெருங்கி, கடைசியில் இந்த 90ஐ ஒட்டி ஒன்றாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘கலக்கும் ஜோடி’ என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ. ஆனால் அந்த நிலையில் குடுவையில் பி.சி.யும் இல்லை, பி.பி.டி.யும் இல்லை. இரண்டின் துண்டுகளும் மாறிக் கோத்த ஒரு புதிய கோபாலிமர்தான் இருக்கிறது. ஒரே வேதிப்பொருளுக்கு ஒரே டி.ஜி. இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

உருகலில் நடப்பது

பி.பி.டி. சங்கிலியை இணைப்பது எஸ்டர் பிணைப்பு, பி.சி.யை இணைப்பது கார்பனேட் பிணைப்பு. 250 டிகிரியில் இவை இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இதுதான் எஸ்டர் பரிமாற்றம். பி.பி.டி.யின் ஹைட்ராக்சில் முனை கார்பனேட்டைத் தாக்கலாம், கார்பாக்சில் முனை தாக்கலாம், அல்லது முனை எதுவும் இல்லாமலே எஸ்டரும் கார்பனேட்டும் நேரடியாக மாறிக்கொள்ளலாம். முதல் மாற்றத்தில் கிடைப்பது நீண்ட துண்டுகள் கொண்ட பிளாக் கோபாலிமர். மாற்றம் தொடரத் தொடரத் துண்டுகள் குறுகி, கடைசியில் ஒழுங்கே இல்லாத கோபாலிமர் ஆகும். வழியில் உருவாகும் அலிஃபாட்டிக் கார்பனேட் அலகுகள் நிலையற்றவை. அவற்றிலிருந்து கரியமில வாயு வெளியேறும்.

இதை முழுதாகப் பிரித்து எழுதியவர்கள் பெல்ஜியத்தின் லூவான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெவோ, கொடார், மெர்சியே. 1982இல் வந்த அவர்களுடைய நான்கு பகுதிக் கட்டுரை வரிசை, கோபாலிமரின் அமைப்பை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கொண்டு அளப்பதற்கும் வினையின் வேகத்தை அளப்பதற்கும் அடித்தளம் போட்டது. நடைமுறைக்கு மிக முக்கியமான முடிவும் அவர்களிடமிருந்தே வந்தது: வினையை ஓட்டுவது பி.பி.டி.க்குள் மிச்சமிருக்கும் டைட்டானியம். பாஸ்பைட் சேர்மம் ஒன்றைச் சேர்த்தால் அதை நிறுத்த முடியும். பி.பி.டி. தயாரிக்கும்போது டெட்ராபியூட்டைல் டைட்டனேட் வினையூக்கியாகச் சேர்க்கப்படுகிறது. தயாரித்து முடிந்தபின் அதை யாரும் பிரித்தெடுப்பதில்லை. எஸ்டர் பிணைப்பை உருவாக்க வந்த அதே டைட்டானியம், எஸ்டரைப் பிரித்து மாற்றிக் கோக்கவும் தயங்காது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடு இந்த வேலையைச் செய்யும் டைட்டானியம் அல்ல. அது கரையாத ஆக்சைடு. அதன் மேல்பூச்சு பி.சி. சங்கிலியை அறுக்கக்கூடும் என்பது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு மாற்றம் நடந்தால் கெடுதி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பி.பி.டி. அலகு ஒன்றின் நீளம், படிகத்துக்குள் சங்கிலித் திசையில், 1.16 நானோமீட்டர். படிகத் தகட்டின் தடிமனை 6 நானோமீட்டர் என்று கொண்டால், ஒரு சங்கிலி அந்தத் தகட்டைக் குறுக்கே கடக்க மாறாத ஐந்து அலகுகளாவது தொடர்ச்சியாகத் தேவை. நூறு பிணைப்பில் ஒன்று மாறியிருந்தால் சராசரித் துண்டு நூறு அலகு; சங்கிலிக்கு ஒரு மாற்றம்தான், படிகமாதலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பத்தில் ஒன்று மாறினால் சராசரித் துண்டு பத்து அலகாகிவிடும். சராசரி பத்து என்றால் ஐந்துக்கும் குறைவான துண்டுகள் நிறையவே இருக்கும். படிகம் மெலியும், உருகுநிலை இறங்கும், குளிரும்போது படிகமாகும் வேகம் தளரும். அதற்கு மேலே போனால் படிகமே வராது.

ஆகவே ‘வினையே நடக்கக் கூடாது’ என்பது இலக்கு அல்ல. எல்லையில் உருவாகும் சிறிதளவு பிளாக் கோபாலிமர் கட்டங்களை ஒட்டவைக்கும். அதை விரும்பி, வினையை ஓரளவு ஓடவிட்டுப் பிறகு நிறுத்தலாம் என்ற யோசனையும் உண்டு. உற்பத்தியில் அது கைகொடுக்காது என்பதே எங்கள் மதிப்பீடு. பி.பி.டி.யின் டைட்டானியம் அளவும் ஈரமும் லாட்டுக்கு லாட் மாறும்போது, நடுவழியில் நிறுத்த வேண்டிய புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கும். இயல்பான பகுதிக் கலப்பே போதிய ஒட்டுதலைத் தருகிறது. வினையை முழுதாக அடக்குவதே பாதுகாப்பு.

மோல்டிங் இயந்திரத்தில் தெரிவது

எக்ஸ்ட்ரூடரிலிருந்து வரும் பெல்லட்டை (கலவையின் சிறு மணிகளை) பார்த்து எதுவும் தெரியாது. இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் உருகல் இருப்பது ஒன்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. தணிப்பான் (டைட்டானியத்தை முடக்கி வினையை நிறுத்தும் சேர்பொருள்) இல்லாத கலவைகூட அங்கிருந்து பெரும்பாலும் ஒழுங்காகவே வெளிவந்துவிடும். சிக்கல் வெளிப்படுவது அடுத்த உருக்கலில், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பேரலுக்குள்.

அங்கே உருகல் தங்கும் நேரத்தைச் சுலபமாகக் கணக்கிடலாம்: பேரலில் இருக்கும் மொத்த உருகலின் எடையை ஒரு ஷாட்டின் (ஒரு முறை அச்சில் செலுத்தும் உருகலின்) எடையால் வகுத்து, சுழற்சி நேரத்தால் பெருக்க வேண்டும். பேரலில் 900 கிராம், ஷாட் 150 கிராம், சுழற்சி 60 விநாடி என்றால் 6 நிமிடம். பெரிய இயந்திரத்தில் சிறிய பாகம் அடித்தால் இது எளிதாக இரட்டிக்கும். ஹாட் ரன்னரின் (உருகலை அச்சுக்குக் கொண்டுபோகும் சூடான வழியின்) தேங்கு மூலைகளில் தங்கும் பொருளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

முதலில் வருவது பாகம் அச்சில் ஒட்டிக்கொள்வது. படிகமாதல் தாமதமாவதால் வழக்கமான குளிர்நேரத்தில் பாகம் இறுகுவதில்லை. பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் குத்திய இடம் குழியாகிறது. ஆபரேட்டர் குளிர்நேரத்தைக் கூட்டுவார். அதனால் சுழற்சி நீண்டு, பேரலில் பொருள் இன்னும் அதிக நேரம் வேகும், நிலைமை இன்னும் மோசமாகும். அடுத்தது நிறம்: டைட்டானியம் பீனால் முனைகளோடு சேர்ந்து மஞ்சள் நிற அணைவுச் சேர்மங்களைத் தருவதால் வெள்ளைப் பாகம் மஞ்சள் சாயும். பிறகு பரப்பில் வெள்ளிக் கோடுகள். இவற்றை ஈரம் என்றே எல்லோரும் முதலில் நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம்தான். மறுபடி உலர்த்தியும் போகவில்லை, பேரலில் பொருளை நிறுத்தி வைத்து அடித்தால் கூடுகிறது என்றால் அது வினையில் வந்த கரியமில வாயு. கடைசியாக, வாரங்கள் கழித்து, பெட்ரோல் சோதனையில் தோல்வி: 1% திரிபு தரும் வளைவுச் சட்டத்தில் பட்டையைப் பொருத்தி, டொலுவீனும் ஐசோஆக்டேனும் சம அளவு கலந்த திரவத்தில் நனைத்தால் தாங்க வேண்டிய பட்டை விரிசல் விடும்.

ஆய்வகத்தில் பிரித்தறிதல்

சூடேறும்போதும் குளிரும்போதும் மாதிரி உறிஞ்சும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி.தான் முதல் கருவி. ஆனால் ஒரே ஓட்டம் போதாது. பெல்லட்டிலிருந்து 5 முதல் 8 மில்லிகிராம் வரை நறுக்கி இரண்டு அலுமினியத் தட்டுகளில் வைக்க வேண்டும். இரண்டையும் நைட்ரஜனில் நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 260 டிகிரிக்கு ஏற்றி, ஒன்றை 2 நிமிடமும் மற்றதை 30 நிமிடமும் அங்கேயே நிறுத்தி, அதே வேகத்தில் இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். பார்க்க வேண்டியது இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான வித்தியாசம். வெறும் கலப்பு என்றால் இரண்டும் ஒரே படமாக இருக்கும். சமநிலைக்கு வந்த கரைதல் நேரத்தோடு நகராது. வினை என்றால் நகரும். டி.ஜி. ஒன்றா இரண்டா என்ற கேள்வியைவிட, டி.ஜி. நேரத்தோடு நகருகிறதா என்ற கேள்விக்கே பதில் சொல்லும் வலு உண்டு.

இறங்கும்போது வரும் படிகமாதல் உச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உருகல் உச்சியைவிட அது முந்திக்கொண்டு அசையும். உருகல் வெப்பத்தைப் பி.பி.டி.யின் பங்குக்குத் திருத்தாமல் ஒப்பிடக் கூடாது. கலவையில் கிராமுக்கு 20 ஜூல் வந்தால், 40% பி.பி.டி.க்கு அது கிராமுக்கு 50 ஜூல். முழுப் படிகத்துக்குரிய 142 ஜூலால் வகுத்தால் 35% படிகம். இது நல்ல நிலை. 30 நிமிடத் தட்டில் இந்த எண் கணிசமாக இறங்கி, உருகுநிலை 200ஐ நோக்கிப் போனால் தணிப்பான் வேலை செய்யவில்லை.

இரண்டு பொறிகள். பி.பி.டி. தூய நிலையிலேயே இரட்டை உருகல் உச்சி காட்டும். சூடேறும்போது மெலிந்த படிகம் உருகி மறுபடி படிகமாவதால் வருவது அது. கீழ் உச்சியைப் பார்த்துக் கோபாலிமர் என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்தது, கலக்கும் ஜோடியில் நீர்த்தல் காரணமாகவே உருகுநிலை இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதுவும் வினை அல்ல.

பி.பி.டி. கட்டத்தின் டி.ஜி. டி.எஸ்.சி.யில் மங்கலாகத்தான் தெரியும். அதற்கு டி.எம்.ஏ. (மாதிரியை அதிர்வூட்டி விறைப்பை அளக்கும் கருவி) வேண்டும்: 1 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 3 டிகிரி. ரப்பரின் உச்சி பூஜ்யத்துக்கு வெகு கீழே தனியாக நிற்கும். அதன் மேலே பி.பி.டி. கட்டமும் பி.சி. கட்டமும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

கரைப்பான் சோதனை மலிவானது, நேரடியானது. பி.சி. டைகுளோரோமீத்தேனில் கரையும், பி.பி.டி. கரையாது. அரைத்த மாதிரி 1 கிராமை 50 மில்லிலிட்டரில் போட்டு 24 மணி நேரம் கலக்கி, வடிகட்டி, உலர்த்தி எடை போடலாம். குறுக்குப்பிணைப்புள்ள எம்.பி.எஸ். துகள் கரையாது, ஊதிப்போய் மிதந்துகொண்டு வடிதாளை அடைக்கும்; மையவிலக்கு இல்லாமல் இந்தக் கலவையில் வேலை நடக்காது. அதைவிட முக்கியம், கரைந்த எடையை எப்படிப் படிப்பது என்பது. வினையின் தொடக்கத்தில் பி.சி. துண்டுகள் நீண்ட பி.பி.டி. துண்டுகளோடு பிணைந்து கரையாமல் நின்றுவிடும். கரைந்த எடை எதிர்பார்த்த 50%க்குக் கீழே இறங்கும். வினை முற்றும்போது படிகத்தை இழந்த கோபாலிமர் தானே கரையத் தொடங்கும்; எடை 50ஐத் தாண்டி ஏறும். நடுவில் ஒரு கட்டத்தில், வினை நன்றாக நடந்திருந்தும், தராசு சரியாக 50% காட்டும். எண்ணைப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிவிடும் இடம் அது. கரைந்த பகுதியை உலர்த்தி அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் இந்தக் குழப்பம் தீரும். பி.சி.யின் கார்பனேட் 1775 செ.மீ.⁻¹ அருகே, பி.பி.டி.யின் எஸ்டர் 1720 அருகே. பிஸ்பீனாலும் டெரிப்தாலிக் அமிலமும் நேரடியாகச் சேர்ந்த புதிய எஸ்டர் 1740 அருகே. கலவையை அப்படியே எடுத்தால் இது 1720இன் தோளில் மறைந்துவிடும். கரைந்த பகுதியில் தெளிவாகத் தெரியும். கரைசலில் எஸ்டர் உச்சி தெரிந்தாலே போதும், தூய பி.பி.டி. அங்கே வந்திருக்க முடியாது.

எத்தனை சதவீதம் மாறியது என்ற எண் தேவைப்பட்டால் புரோட்டான் என்.எம்.ஆர். எடுக்க வேண்டும். தூய பி.பி.டி.யில் டெரிப்தாலேட் வளையத்தின் புரோட்டான்கள் 8.1 பி.பி.எம். அருகே ஒரே உச்சியாக நிற்கும். பக்கத்தில் பிஸ்பீனால் வந்து அமர்ந்தால் அதற்கு மேல் புதிய உச்சிகள் பிரியும். அவற்றின் பரப்பு விகிதமே மாற்றத்தின் அளவு.

தணிப்பான்: எது, எவ்வளவு, எங்கே

பி.பி.டி.யில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் டைட்டானியம் என்று கொள்வோம். 40% கலவையில் அது 40 மில்லிகிராம், அதாவது 0.84 மில்லிமோல். பாஸ்பரஸ் அமிலத்தின் மூலக்கூறு எடை 82. ஒன்றுக்கு ஒன்று போதும் என்றால் கிலோவுக்கு 69 மில்லிகிராம். நடைமுறையில் 0.05%, அதாவது 500 மில்லிகிராம் அளவில் சேர்க்கிறார்கள்; ஏழு மடங்கு. இத்தனை சிறிய பொருள் இத்தனை பெரிய உருகலில் ஒவ்வொரு டைட்டானியத்தையும் தேடிப் பிடிக்க உபரி வேண்டும். ஆனால் உபரிக்கு விலை உண்டு: மிச்ச அமிலம் ஈரச் சூட்டில் பி.சி.யின் கார்பனேட்டை நீராற்பகுக்கும். 85 டிகிரி, 85% ஈரப்பத அறையில் மாதிரியை வைத்தால் இது வெளிப்படும். முதல் நாளில் அருமையாக இருக்கும் கலவை அங்கே நொறுங்கிப்போகும். அமிலம் அதிகமானால் திருகு எஃகும் அரிபடும்.

இதனால்தான் சிங்க் டைஹைட்ரஜன் பாஸ்பேட் போன்ற திட அமில உப்புகளை 0.1 முதல் 0.3% வரை சேர்ப்பதும் உண்டு, அவை மென்மையானவை. ஆனால் திடப்பொருள் என்பதால் பரவல் கடினம், துகள் நுண்ணியதாக இருக்க வேண்டும். நிறம் காக்கச் சேர்க்கும் தடைபட்ட ஆரைல் பாஸ்பைட்டைத் தணிப்பானாக நம்பிவிடக் கூடாது. நீரில் பிளவுபடாமல் இருப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது அது; டைட்டானியத்தை நன்றாகப் பிடிப்பதோ பிளவுபட்டு வரும் அமில வடிவம். ‘பாஸ்பைட் போட்டிருக்கிறோமே’ என்ற பதில் வந்தால், எந்த பாஸ்பைட் என்று கேட்க வேண்டும்.

சேர்க்கும் இடம் அளவைவிட முக்கியம். தணிப்பான் பிரதான ஹாப்பரிலேயே, பி.பி.டி. உருகும்போதே அதனோடு இருக்க வேண்டும். கீழ்நிலைப் பக்க ஊட்டியில் சேர்த்தால் பிசையும் பகுதியின் சூட்டில் வினை அதற்குள் தொடங்கிவிட்டிருக்கும். 0.05% பொடியைப் பெல்லட்டோடு நேரடியாகக் கலந்தால் ஹாப்பரின் அடியில் இறங்கிவிடும், எம்.பி.எஸ். பொடியோடு முன்கலவையாக்கி, தனி ஊட்டியில் விடுவது நல்லது.

தணிப்பானைத் தோற்கடிக்கும் துணைப்பொருட்களையும் கவனிக்க வேண்டும். சிங்க் ஸ்டியரேட், கால்சியம் ஸ்டியரேட் போன்ற உலோக சோப்புகளை உயவுக்காகச் சேர்க்கவே கூடாது. அச்சு விடுவிப்புக்கு பென்டாஎரித்ரிட்டால் டெட்ராஸ்டியரேட் 0.3% போதும். எம்.பி.எஸ். பால்மப் பாலிமராக்கலில் செய்யப்படுவது. அதில் கார சோப்பு மிச்சமிருந்தால் பி.சி. சங்கிலியை அறுக்கும், அமிலத் தணிப்பானையும் நடுநிலையாக்கிவிடும். புது எம்.பி.எஸ். வந்தால் நீரில் அலசி அந்த நீரின் பி.எச். பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எக்ஸ்ட்ரூடரும் ஈரமும்

ஒரே திசையில் சுழலும் இரட்டைத் திருகு, நீள–விட்ட விகிதம் 36 முதல் 40, பேரல் 240 முதல் 255 டிகிரி. இந்த எண்ணை நம்பிவிடக் கூடாது. பி.சி.யின் பாகுநிலை காரணமாக உராய்வு வெப்பம் உருகலை பேரல் எண்ணுக்கு 20, 30 டிகிரி மேலே கொண்டுபோகும். டையிலிருந்து வரும் உருகலில் கையடக்க வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதுதான் உண்மை. 275ஐத் தாண்டினால் திருகு வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஊட்டத்தைக் கூட்ட வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் வெற்றிட வாய் அவசியம்.

ஈரத்தைக் கணக்காகவே பார்க்கலாம். எண் சராசரி 25,000 உள்ள பி.பி.டி.யில் கிலோவுக்கு 40 மில்லிமோல் சங்கிலி. 0.05% நீர் என்றால் 28 மில்லிமோல். அத்தனையும் வினையாற்றினால் சங்கிலிகள் 68 மில்லிமோலாகி, சராசரி 14,700க்கு விழும். 0.02% என்றால் 19,600. அதனால் 120 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தி 0.02%க்குக் கீழே கொண்டுவருவது கட்டாயம். நீரால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு கார்பாக்சில் முனை, ஒரு ஹைட்ராக்சில் முனை பிறக்கின்றன. இவைதான் பரிமாற்ற வினைக்கும் நுழைவாயில். ஈரம் தனி, பரிமாற்றம் தனி என்று இரண்டு கோப்பில் வைப்பது சரிவராது.

மோல்டிங் பக்கத்தில் விதிகள் சில. ஷாட் எடை பேரல் கொள்ளளவில் பாதிக்குக் குறையாத இயந்திரம். தங்கும் நேரம் 6 நிமிடத்துக்குள். 10 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் பேரலைக் காலிசெய்து பாலிஎத்திலீனால் கழுவுதல். உருகு ஓட்ட அளவை 250 டிகிரி, 5 கிலோவில் பெல்லட்டுக்கும் பாகத்துக்கும் எடுத்து ஒப்பிட வேண்டும். பாகத்தில் ஓட்டம் மட்டும் ஏறி டி.எஸ்.சி. மாறாமல் இருந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது: உலர்த்தலையும் உருகல் வெப்பத்தையும் பார்க்கலாம். ஓட்டத்தில் பெரிய மாற்றமில்லாமல் படிகமாதல் உச்சி இறங்கியிருந்தால் பரிமாற்றம்: தணிப்பானைப் பார்க்க வேண்டும். பரிமாற்றம் சங்கிலிகளின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை என்பதால்தான் இந்தப் பிரிப்பு வேலை செய்கிறது.

பி.பி.டி. இடத்தில் பெட் (பாலிஎத்திலீன் டெரிப்தாலேட், பாட்டில் பிளாஸ்டிக்) பயன்படுத்தும் கலவைகளுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும், எண்கள் மாறும். பெட்டில் பெரும்பாலும் இருப்பது ஆன்டிமனி. பரிமாற்றத்தை அது டைட்டானியம் அளவுக்கு முடுக்குவதில்லை. ஆனால் 255 டிகிரியில் உருகும் பொருள் என்பதால் 270, 280க்குப் போக வேண்டியிருக்கிறது. பாட்டில் துகளிலிருந்து மறுசுழற்சி செய்த பெட் என்றால் வினையூக்கியே மூட்டைக்கு மூட்டை கலந்து வரும். சில தயாரிப்பாளர்கள் டைட்டானியம், ஜெர்மானியம் வினையூக்கிகளையும் பயன்படுத்துகிறார்கள். அங்கே தணிப்பானை ஒரு நிலையான அளவில் பூட்டிவைக்க முடியாது. ஒவ்வொரு லாட்டையும் பி.சி.யோடு சிறிய அளவில் உருக்கி, உருகுநிலைக்கு ஏற்றபடி 280 டிகிரியில் அதே 2 நிமிடம் – 30 நிமிட டி.எஸ்.சி. ஜோடியைப் போட்டு, படிகமாதல் உச்சி நகராத குறைந்தபட்ச அளவைக் கண்டு, அதற்குச் சற்று மேலே நிறுத்துவதே வழி.